ஈராக் சண்டையும் கயத்தாறு டீசலும்

கயத்தாறு பெட்ரோல் பங்க்கில் எங்கள் பேருந்து டீசலுக்காக நிற்கிறது. கால் மரத்துப்போனதால் நானும் இறங்கி நிற்கிறேன். முன்னால் வரிசையில், பசுவந்தனையிலிருந்து டீசல் தேடி வந்த, விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரிப் பெண் காலி டின்னோடு நிற்கிறாள். டீக்கடை ரேடியோவில், எந்த அந்நிய சக்திக்கும் நாம் தலைவணங்கமாட்டோம் என்று ஓர் அமைச்சர் முழங்குகிறார்.

"டீசலுக்கு என்ன வந்துச்சாம் அண்ணாச்சி?" என்று அவள் பங்க்காரரிடம் கேட்கிறாள்.

"ஈரானும் ஈராக்கும் சண்டை போடுதாங்கம்மா. அங்கன இருந்துதான் நமக்கு எண்ணெய் வருது."

"அவிய சண்டைக்கு எம் புஞ்சையில டிராக்டர் நிக்கணுமாக்கும். இப்பத்தான் மழை பேஞ்சிருக்கு. ஈரம் காஞ்சுட்டா பருத்தி முளைக்காதே."

அவள் முறை வரும்போது ஓர் அரசாங்க ஜீப் வரிசையை விலக்கிக்கொண்டு நுழைகிறது. நாட்டின் பாதுகாப்பு வேலையாம், அதற்குத்தான் முதலில் ஊற்ற வேண்டுமாம். எங்கோ நாலு கப்பல் நின்றால் படுத்துவிடுகிற நாட்டுக்கு விறைப்பு மட்டும் குறையவில்லை. ஜீப் நிரம்பியதும் பங்க்காரர் 'டீசல் இல்லை' என்ற பலகையை மாட்டுகிறார்.

அவள் ஜீப்பை நெருங்கி, உள்ளே இருக்கும் அதிகாரியிடம் கேட்கிறாள்.

"யாருகிட்ட இருந்துய்யா பாதுகாப்பு? எங்கிட்ட இருந்தா?"

அதிகாரி டிரைவரின் தோளைத் தட்டுகிறார். ஜீப் கிளம்புகிறது. அவள் டீக்கடைக்காரரிடம் போய், வாடகைக்கு ஏர்மாடு கிடைக்குமா என்று விசாரிக்கிறாள்.