கெர்லிண்டவின் செர்ரி பீர்

எங்கள் ஊர் பீர் ஆலையில் கெர்லிண்டவை ஒருநாளும் பீர் காய்ச்சும் கொப்பரை பக்கம் விட்டதில்லை. முப்பத்தோரு வருடம் பாட்டில் நிரப்பும் வரிசையில் நின்றாள். அவள் பக்கத்தில் இருபது வருடம் நான். கொப்பரைக்குப் பொறுப்பு அவளுடைய அண்ணன் ஓட்மார். "பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சூடு?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வு பெற்ற அடுத்த வாரமே வீட்டு அடுப்பில் பெரிய பானையை ஏற்றிவிட்டாள். கோதுமையை முளைகட்டி உலர்த்திய மால்ட்டைக் காய்ச்சி, புளிக்க வைத்து, தோட்டத்துச் செர்ரியை அதில் கொட்டினாள். எங்கள் பவேரியாவில் பீர் என்றால் தண்ணீர், மால்ட், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட், அவ்வளவுதான். பழம் போட்டாள் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது.

"அது ஜாம்டி, பீர் இல்ல," என்றான் ஓட்மார். "கோயில் திருவிழாவுல நம்ம மேஜைல அத வெச்சே, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"தாராளமா போ. ஒரு நாற்காலி மிச்சம்."

அந்த மேஜையில் தன் பீர் நிற்க வேண்டும். வாழ்க்கையில் அவள் பிடிவாதமாகக் கேட்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து நானும் அவளும் பாட்டிலில் அடைத்தோம். கை தானாக ஓடியது. மூடியில் கம்பிப் பூட்டு வைத்த நாற்பது பாட்டில்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்தன. வெண்ணெய் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஜாடி.

"ஏய் கெர்லிண்ட, இது என்னடி?"

அவள் முகம் வெளுத்துப்போனது. காய்ச்சிய அன்றே புளிக்கவிடாமல் எடுத்து வைத்த மால்ட் சாறு அது. அடைக்கும் முன் அதைக் கலந்தால்தான் பாட்டிலுக்குள் நுரை பிறக்கும். ஆலையில் எங்கள் வரிசைக்கு வரும் பீர் நுரையோடே வரும். அடைப்பது மட்டும்தான் எங்கள் வேலை. பாழாய்ப்போன பழக்கம் அவளைக் கவிழ்த்துவிட்டது.

சாப்பாட்டுக்கு வந்த ஓட்மார் விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முப்பது வருஷம் மூடி போட்ட கை! வேற என்ன வரும்? அந்தச் செர்ரித் தண்ணிய சாலட்ல ஊத்து."

"வந்தமா, தின்னமான்னு போய்க்கிட்டே இரு," என்றாள். பிறகு என்னிடம், "எல்லாத்தையும் தெற."

"நாப்பதையுமா?"

"நாப்பத்தொண்ணு இருந்தா அதையும்."

ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் வெளியே ஊற்றிவிட்டு, ஷ்னாப்ஸ் குடிக்கும் சின்னக் கிளாசால் இரண்டு அளவு சாறு விட்டு, மறுபடி பூட்டினோம். வெளியே ஊற்றியதை வீணாக்க மனம் வரவில்லை. பன்னிரண்டாவது பாட்டிலில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் மட்டும் சிரிக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் திருவிழா. சொந்தபந்தம் மொத்தமும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பாட்டிலை நடுவில் வைத்துப் பூட்டைத் தள்ளினாள். டப்பென்று சத்தம். இளஞ்சிவப்பு நுரை கிளாசின் விளிம்புவரை ஏறி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுந்து போகிறேன் என்றவன் எழவில்லை. ஒரு கிளாஸ் குடித்தான். இரண்டாவதற்குக் கிளாசை நீட்டினான்.

அவள் பாட்டிலைப் பூட்டிவிட்டாள். "இதுக்குப் பேரு என்னண்ணா?"

"எல்லாரும் பாக்கறாங்கடி."

"அதான் கேக்கறேன்."

"பீர்," என்று கிளாசுக்குள் முனகினான்.

"காதுல விழல."

"பீருடி! பீர்! ஊத்தித் தொலை."

ஊற்றினாள், கால் கிளாஸ்.

"மீதி?"

"மூடி போட்ட கைதானே அண்ணா? மெதுவாத்தான் ஊத்தும்."