சாமிக்கு மைக் இல்லாமலே கேட்கும்

ரோஸ் பெல்லில் என் வீட்டு வழியாக எந்த பஸ்ஸும் போவதில்லை. அதனால் போன வாரம் ஒரு காலையில் பஸ் டிரைவர் இஸ்மாயில் வழியை மாற்றி என் வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்தபோதே என்ன செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, அவர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, மிஸ்யே சொக்கா ஃபின் அலே. போயிட்டாரு. நேத்து சாப்பிட்டுட்டு நாற்காலியில உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டே. கஷ்டப்படல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சில மாதங்களாக அவருக்கு மூச்சு வாங்கியது. படுக்கையில் விழுந்து, யாரோ ஊட்டிவிட, யாரோ புரட்டிப்போட, அந்த மனிதர் எப்படி இருக்கப்போகிறார் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாலே "எனக்குக் கை இல்லையா?" என்று கேட்பவர். அந்தக் கொடுமை அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. பிறகுதான் அழுதேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். சென்ட்ர் டி ஃப்ளாக் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அந்த ரேடியோ பட்டறையைக் கடக்காமல் நம்மில் யார் சந்தைக்குப் போனோம்? கிழக்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு ரேடியோவைக் கொண்டுவந்தவர் சொக்கலிங்கம். வெளிநாட்டுப் பெட்டியைப் பிரித்து, நம் ஊர் ஈரத்துக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கும்படி மாற்றிக் கட்டி, அதன் நெற்றியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்வார். பெயர் அத்தனை பெரிதாக வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "ரிப்பேர் ஆனா யாரைத் திட்டணும்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

நான் அந்தப் பட்டறையில் ரேடியோவுக்குள் வைக்கும் கம்பிச் சுருளை, காயிலை, சுற்றும் வேலை பார்த்தேன். செம்புக் கம்பியை ஒரு சுற்றுகூட மேலேறாமல் சுற்றுவதற்குப் பொறுமையான கை வேண்டும். அது அவரிடம் கிடையாது. காலையில் என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்வார். மத்தியானம் வந்து "அந்தக் காயில் ஏன் இன்னும் முடியல?" என்பார். போகச் சொன்னீர்களே என்றால், "போகச் சொன்னேன், வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போகச் சொன்னேனா?" என்பார்.

இரங்கல் கூட்டத்தில் நம் இளைஞர்கள் அவரிடம் கற்கவேண்டிய பாடங்களைப் பற்றிப் பேசினார்கள். விடியற்காலையில் எழுவாராம், எளிமையாக வாழ்ந்தாராம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வெயில் ஏறிய பிறகுதான் எழுவார். பிரெஞ்சுக்காரர்கள் கட்டும் டையைவிட நல்ல டை கட்டுவார். ஒரு பாடம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. அது ஒரு காவடிச் சமயத்தில் நடந்தது.

கிராமங்களுக்குக் கரண்ட் வராத காலம் அது. ஒவ்வொரு ஊரிலும் பொது இடத்தில் அவருடைய ரேடியோ ஒன்று இருக்கும். அது ஆசிட் பேட்டரியில் ஓடும். தீர்ந்த பேட்டரியை பஸ் கூரையில் ஏற்றி ஃப்ளாக்குக்கு அனுப்புவார்கள். நாங்கள் சார்ஜ் ஏற்றி அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவோம். தைப்பூசம் நெருங்கும்போது மட்டும் எல்லா ஊர்ப் பேட்டரிகளையும் பட்டறைக்கே வரவழைத்துவிடுவார். கோயில் ஒலிபெருக்கிக்கு அவைதான் உயிர். ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும்போது ரேடியோவை யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

அந்த வருஷம் அவரே வடிவமைத்த புதிய ஆம்ப்ளிஃபயர் தயாராக இருந்தது. கோபுரத்தில் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டியாகிவிட்டது. போர்ட் லூயிஸிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் வந்து கேட்பதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் தீவு முழுக்க அவர் பெட்டியை விற்பார்கள். அதற்காகவே அவர் பல வருஷங்களாகப் பாடுபட்டார்.

காவடிக்கு இரண்டு நாள் முன்பு காவல் நிலையத்தில் புயல் கொடி ஏறியது. வானம் என்னவோ பளிச்சென்று நீலமாக இருந்தது. அப்படிக் கொடி ஏறி, ஒன்றுமில்லாமல் இறங்குவது வழக்கம்தான். எனக்கு மட்டும் தங்கை வீட்டுக் கூரை ஞாபகம் வந்தது. என் தங்கை லெட்சுமி கான் தெ மாஸ்க் கிராமத்தில், கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லைனில் கரும்புச் சோகை வேய்ந்த வீட்டில் இருந்தாள். கையில் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தாள். அவள் ஊர்ப் பேட்டரி எங்கள் பட்டறையில் கோயிலுக்கென்று அடுக்கியிருந்தது. அது இல்லாமல் அந்த ஊருக்குப் புயல் செய்தி எட்டாது, ஆனாலும் நான் காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவரிடம் ஒன்றைக் கேட்டால் நேர் எதிராகத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

அவர் வாசலில் நின்று கொடியைப் பார்த்தார். பேட்டரிகளைப் பார்த்தார். தன் ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். பிறகு இஸ்மாயிலைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் ஏத்து. அந்தந்த ஊருக்கே திரும்பப் போகட்டும்" என்றார்.

செய்தி காதில் விழுந்து கோயில் தலைவர், எல்லோரும் ப்ரெசிதாங் என்று கூப்பிடுபவர், வேர்க்க வேர்க்க ஓடி வந்தார்.

"ஆயோ சொக்கா, தோ ஃபூ? உனக்குப் பைத்தியமா? காவடிக்கு மைக் இல்லாம எப்படி? முருகன் காரியம் இது!"

"சாமிக்கு மைக் இல்லாமலே கேட்கும், ப்ரெசிதாங். கான் தெ மாஸ்க்குக்குக் கேட்காது."

"வானத்தைப் பாரு, ஒரு மேகம் இல்ல!"

"மேகம் வந்தப்புறம் பஸ் ஓடாது."

தலைவர் அவரை ஊரறியத் திட்டிவிட்டுப் போனார். நானும் இஸ்மாயிலும் பேட்டரிகளை ஏற்றினோம். ஆசிட் தெறித்து என் சேலையில் ஓட்டை விழுந்தது. எனக்கு அது கொஞ்சமும் உறைக்கவில்லை.

மறுநாள் காற்று வந்தது. கான் தெ மாஸ்க்கில் நடந்ததை லெட்சுமி பிறகு சொன்னாள். லைன் ஜனங்கள் எல்லோரும் கல்லால் கட்டிய தோட்டத்துக் கிடங்கில் அடைந்திருந்தார்கள். ரேடியோவும் அங்கேதான் இருந்தது. மத்தியானம் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட அடித்ததாம். முடிந்துவிட்டது என்று ஆண்கள் கதவைத் திறந்தார்கள். லெட்சுமிக்கு ஒரே நினைப்பு விரத விளக்கு. காப்புக் கட்டியிருக்கும்போது வீட்டில் ஏற்றிய விளக்கு அணையக்கூடாது என்பது நம் பெண்கள் உயிராய்க் காக்கும் வழக்கம். அணைந்திருந்தால் ஓடிப்போய் ஏற்றிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிவிட்டாளாம்.

அப்போது ரேடியோ பேசியது. இது புயலின் நடுப்பகுதி, காற்று எதிர்ப்பக்கமிருந்து இன்னும் பலமாகத் திரும்பி வரும், யாரும் வெளியே போகவேண்டாம் என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். அவள் புருஷன் பாய்ந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "விளக்கு, விளக்கு" என்று அவள் அவனை அடித்திருக்கிறாள். கதவை மூடிச் சிறிது நேரத்தில் காற்று திரும்பியது. மாலையில் வெளியே வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும் கிடந்தது.

மரங்கள் விழுந்து கிடந்த பாதையில் அவள் நடந்தே ஃப்ளாக்குக்கு வந்தாள். பட்டறை வாசலில் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த காயிலைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கையில் காப்பு அப்படியே இருந்தது. "அக்கா, விளக்கு அணைஞ்சிடுச்சு" என்றாள். "அணையட்டும்டி" என்று கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷக் காவடி பிந்தித்தான் நடந்தது. மைக் இல்லை, மேளமும் சங்கும்தான். கம்பெனிக்காரர்கள் வரவேயில்லை. வேறு யாரிடமோ போய்விட்டார்கள். கோபுரத்துக் குழாய்களில் ஒன்றைக் கரும்புக் காட்டில் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. "கடைசியில ஒருத்தருக்காவது என் குழாய் பிடிச்சிருக்கு" என்றார் சொக்கலிங்கம்.

நான் ஒருமுறை கேட்டேன். "காத்து வராம போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, மிஸ்யே?"

"ப்ரெசிதாங் இன்னிக்கு வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டிருப்பாரு. நல்லதுதானே? காத்து வரலைன்னு அர்த்தம்."

டிரான்சிஸ்டர் வந்து பேட்டரித் தொழில் படுத்தபோதும் அவர் இப்படித்தான் இருந்தார். துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பலர் பட்டறைக்கு வந்தார்கள். அவரோ ஒரு சின்ன டிரான்சிஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தையெல்லாம் சுற்றினார். "பாரு, இனிமே யாரும் ஆசிட் தூக்க வேண்டாம்" என்று என் சேலையைக் காட்டிச் சொன்னார். தான் கட்டியது பயனில்லாமல் போனதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "சத்தம் பெரிசா வந்தா போதாது, சேதி போய்ச் சேரணும்" என்பார். யார் பெட்டியில் போய்ச் சேர்ந்தால் என்ன என்று அதற்கு அர்த்தம்.

நாடு சுதந்திரம் பெற்றுக் கொடி மாறப்போகும் இந்த வருஷத்தில், அந்த விழா ஒலிபரப்பைக் கேட்காமல் போய்விட்டாரே என்று பலர் வருந்துகிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கும்படி அவர் எப்போதோ செய்துவிட்டார்.

அவர் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இஸ்மாயில் கேட்டார். அவர் பெயர் எழுதிய பெட்டி ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஓட்டை விழுந்த சேலையும் எப்போதோ கந்தலாகிவிட்டது. சாவு வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, பிணத்தின் தலைமாட்டு விளக்கு காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தாள் லெட்சுமி. அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பவள் அவள்தான்.