சீமாட்டியின் சாம்பல் நிற கவுன்

ஸ்கார்ல்டன் மாளிகையில் பதினான்கு வருஷமாகச் சீமாட்டியின் படுக்கையறைக் கணப்பை மூட்டுகிறவள் ஹெஸ்டர் டக்வெல். வீட்டு வேலைக்காரிகளுக்கு அவள்தான் தலைவி. ஆனாலும் குடும்பத்தார் எதிரே வந்தால் சுவர் பக்கம் திரும்பி நிற்க வேண்டியவள்.

சீமாட்டிக்கு உடுத்திவிடும் தோழி கல்யாணமாகிப் போனபோது, அந்த வேலை தனக்குத்தான் என்று ஹெஸ்டர் இருந்தாள். அதற்காகவே தையல் கற்றாள், தலை அலங்காரம் பழகினாள். கடைசியில் இலவு காத்த கிளியானாள். வேலை ஐவி லார்வுட்டுக்குப் போனது. ஐவி வந்து நான்கே வருஷம். தூசி பறக்காமல் கம்பளத்தில் தேயிலைச் சக்கை தூவிப் பெருக்குவதைக்கூட ஹெஸ்டர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டின்போதுதான் வயிறு அதிகமாக எரிந்தது. இறைச்சி முடிந்ததும் மேல்நிலை வேலையாட்கள் எழுந்து, புட்டிங் சாப்பிட வீட்டு நிர்வாகி அம்மாளின் அறைக்கு வரிசையாகப் போவார்கள். அவர்கள் போகும்வரை மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும்; பிறகுதான் உட்கார்ந்து தங்கள் புட்டிங்கைத் தொடலாம். பட்லருக்குப் பின்னால் இப்போது ஐவியும் போனாள், அதுவும் சீமாட்டி கழித்துக்கொடுத்த நீலப் பட்டில். போன மாதம்வரை பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டவளை இனி 'மிஸ் லார்வுட்' என்று கூப்பிட வேண்டுமாம்.

"என்னடி ஹெஸ்டர், உன் புட்டிங் ஆறிப்போச்சு. பரவாயில்ல, உன் வயித்தெரிச்சல்ல வச்சு சூடு பண்ணிக்கோ" என்றாள் சலவைக்காரி மேபல்.

"நேத்துப் பெஞ்ச மழையில முளைச்ச காளான். எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு பாப்போம்" என்றாள் ஹெஸ்டர்.

அக்டோபர் ஒன்பது வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் சீமாட்டியின் ஒரே மகன் போரில் செத்ததாகத் தந்தி வந்த நாள். ஒவ்வொரு வருஷமும் அன்று அவள் பழைய சாம்பல் நிற கவுன் ஒன்றைத்தான் உடுத்துவாள். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போய்விட்ட தோழிக்குத் தெரியும், ஹெஸ்டருக்குத் தெரியும். விருந்தினர் அறைகளையே பார்த்துவந்த ஐவிக்குத் தெரியாது.

சாயங்காலம் ஹெஸ்டர் கரி போடப் போனபோது, கட்டிலில் பச்சைப் பட்டு கவுன் விரித்துக் கிடந்தது. ஐவி அதை நீவிக்கொண்டிருந்தாள்.

"இது சரியா இருக்குமா ஹெஸ்டர்? அம்மா காலையிலேருந்து முகம் வாடிக்கிடக்காங்க. கொஞ்சம் கலரா போட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு."

ஒரு வார்த்தை போதும். ஹெஸ்டர் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"தோழி நீங்கதானே, மிஸ் லார்வுட். கரி போடுறவளுக்கு என்ன தெரியும்?"

ஐவியின் முகம் சுருங்கியது. ஹெஸ்டர் கரிவாளியோடு வெளியே வந்தாள். நாளைக்கு இவள் பெட்டி கட்டுவாள் என்று நினைத்தபோது, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

ஐவி பெட்டி கட்டவில்லை. சீமாட்டி பச்சைப் பட்டிலேயே சாப்பிட இறங்கினாள் என்று கீழே பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஹெஸ்டர் கணப்பை மூட்டப் போனபோது சீமாட்டி விழித்திருந்தாள்.

"நேத்து என்ன நாள்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியுங்கம்மா."

"அவகிட்ட சொல்லல."

ஹெஸ்டர் தலை குனிந்தாள். சீமாட்டி கோபப்படவில்லை.

"நல்லதாப் போச்சு. பதினோரு வருஷத்துல, அந்த நாள்ல நேத்துதான் ஒருத்தி என்கிட்ட சாதாரணமா பேசினா. உன்னைப் பாத்தா எனக்கு அந்தத் தந்திதான் ஞாபகம் வருது, ஹெஸ்டர். ஏதோ சாதாரணத் தந்தின்னு நினைச்சு உன்னைப் படிக்கச் சொன்னேன். நீதான் படிச்சே. அதனாலதான் உன்னை வேண்டாம்னு சொல்லி அவளைத் தோழியா வச்சுக்கிட்டேன்."

ஹெஸ்டர் மண்டியிட்டுச் சுள்ளிகளை அடுக்கினாள். தகுதி போதாது என்று சொல்லியிருந்தால் ஐவியை வெறுத்துவிட்டு ஆறுதலாக இருந்திருப்பாள். அந்தத் தந்தியைத் தன்னிடம் படிக்கக் கொடுத்தாளே என்றுதான், இந்த வீட்டில் சீமாட்டிக்குத் தன்னைவிட நெருக்கமானவள் இல்லை என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.