ஸ்கிப்புக்குள் போடக் கூடாத கூரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நடந்தது இது. நானும் மனைவியும், ஊரில் என்னோடு படித்த நண்பனின் குடும்பமும் சேர்ந்து ஒரு பழைய வீடு வாங்கியிருந்தோம். தனியாக வாங்க வசதியில்லாத யாழ்ப்பாணத்தார் பலர் அப்போது அப்படித்தான் வாங்கினார்கள். பின்வளவில் இடிந்து விழும் நிலையில் ஒரு கராஜ் நின்றது. அதைப் பிரித்து எறிவதற்கு ஒரு ஸ்கிப் வாடகைக்கு எடுத்தோம். ஸ்கிப் என்பது லொறியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெரிய இரும்புத் தொட்டி. நிரம்பியதும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

பெயின்ட் டின், டயர், காஸ் சிலிண்டர், கூரைக்குப் போடும் அஸ்பெஸ்டஸ் சீற் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் லொறிக்காரர். மற்றவை எங்களிடம் இல்லை. ஆனால் கராஜின் கூரை முழுக்க அஸ்பெஸ்டஸ்தான்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் ஓலையைப் பிரித்துவிட்டு அந்தச் சீற் போட்டவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். அதைக் குப்பையில்கூடப் போடக் கூடாதாம்! பாரம் கூடிவிடும் என்பதற்காக லொறிக்காரர் சொல்லும் சாட்டு என்றே நினைத்தோம்.

"சின்னனா உடைச்சு அடியில போட்டிட்டு மேல மண்ணைக் கொட்டுவம். ஆர் கிண்டிப் பாக்கப் போறாங்கள்?" என்றான் நண்பன்.

"ஓம், கெதியா முடிப்பம்" என்றேன் நான்.

முதல் சீற்றை இறக்கி நிலத்தில் வைத்து, சுத்தியலால் போட்டான் ஒரு போடு. தூசி புகைபோலக் கிளம்பியது. அவனுடைய சின்ன மகள் ஓடிவந்து அதற்குள் நின்று கைதட்டிச் சிரித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கத்தல். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா. நாங்கள் குடிவந்த நாள் முதல் ஒரு தலையசைப்புக்கூடத் தராதவர். சத்தம் பிடிக்கவில்லை, அல்லது எங்களையே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் வேலியடிக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைக் காட்டி, முதலில் அவளை அங்கிருந்து தூக்குங்கள் என்றார்.

தூக்கினேன். தண்ணீர்க் குழாயை வேலிக்கு மேலால் நீட்டி, உடைந்த துண்டுகளை நனைக்கச் சொன்னார். தன் கணவர் இந்தச் சீற் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்றும், தூசி நெஞ்சுக்குள் போய், பல வருடங்களுக்குப் பிறகு மூச்சு எடுக்க முடியாமல் செத்தார் என்றும் சொன்னார். அழவில்லை. நண்பன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

அதற்குள் நண்பனின் மனைவி வந்து மகளின் சட்டையைக் கழற்றி உதறப் போனார். அந்த அம்மா மறுபடி கத்தினார்.

"என்னண்ணை சொல்லுறா?" என்று நண்பனின் மனைவி என்னைக் கேட்டார்.

"உதற வேண்டாமாம். நனைச்சுப் பையில போட்டுக் கட்டட்டாம்."

"என் கணவருடைய வேலை உடுப்பை ஒவ்வொரு நாளும் இந்த வாசலில் நின்று உதறியது நான்தான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அதன் அர்த்தம் எனக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது.

மற்றச் சீற்றுகளை நாங்கள் தொடவில்லை. நகரசபை சொன்ன ஆட்கள் முகமூடி போட்டு வந்து, பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போனார்கள். ஸ்கிப் பாதி நிரம்பியபடியே போனது. அந்த அம்மா அதற்குப் பிறகும் எங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. நான் நன்றி சொன்னபோதும் பிள்ளை இருமுகிறதா என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மூச்சிளைக்காமல் மாடிப்படி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், எங்களைப் பிடிக்காதவர் என்று நான் முடிவுகட்டியிருந்த அந்த அம்மா, தன் நெஞ்சுக்குள்ளும் என்ன போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டே எங்கள் பிள்ளைக்காகக் கத்தினாரே என்று நினைத்துக்கொள்கிறேன்.