பயறு அக்காவும் அறுபது கிலோ பொம்மையும்

எங்கள் தீயணைப்பு வண்டியைப் பதினோரு வருடமாக நான் ஓட்டுகிறேன். அந்தப் பதினோரு வருடமும் என் முதுகுக்குப் பின்னால் ஒரே குரல்தான். "தம்பி, இன்னும் கொஞ்சம் மிதி! எறும்பு நம்மள முந்திட்டுப் போகுது!" அதுதான் பயறு அக்கா. நாற்பத்தாறு வயது, ஐந்தடி உயரம், குழுவில் ஒரே பெண். தீ என்று கேட்டால் முதலில் வண்டியில் ஏறுகிற ஆள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இறைச்சி பிடிக்காது. ஏன் என்று கேட்டால், "பிடிக்கல, அவ்வளவுதான். உனக்குப் பாகற்காய் பிடிக்குதா?" என்று வாயை அடைத்துவிடுவார். கறி தின்னாததால் 'பயறு' என்று பெயர் வைத்தவன், எங்கள் குழுவில் மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவன். தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவன் வாய் இருக்கிறதே, அதைப் பிடிக்கத்தான் யாராலும் முடியாது.

வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்கு உடல்தகுதித் தேர்வு உண்டு. அறுபது கிலோ மணல் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடி நிற்காமல் ஏற வேண்டும். போன தேர்வில் அக்கா நான்காவது மாடியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி. அதிலும் தோற்றால் வண்டியிலிருந்து இறக்கித் தொலைபேசி மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"கறி தின்னாத உடம்பு, அவ்வளவுதான் தாங்கும். மேசை வேலைன்னா நல்லதுதானேக்கா, ஃபேனுக்கு அடியில உக்காரலாம்" என்றான் மீசை.

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மீசையைப் பிடித்து ஆட்டியிருப்பேன். அக்கா அமைதியாகச் சொன்னார்: "கறி தின்னாததால விழல. அன்னிக்கு எதுவுமே தின்னாததால விழுந்தேன்."

உண்மைதான். எங்கள் நிலையத்துச் சமையலறைக்கு ஒரு சாபம் உண்டு. அபாய மணி அடித்தால் கேஸ் தானாக நின்றுவிடும். தீயணைக்கப் போனவர்கள் வீட்டிலேயே தீப்பிடித்தால் ஊர் சிரிக்குமே, அதற்காக வைத்த ஏற்பாடு. அதனால் எங்கள் காலை உணவு பாதி நாள் அரைவேக்காடுதான். தேர்வன்று அக்காவின் முட்டை வெந்நீரில் விழுந்த இரண்டாவது நிமிடம் மணி அடித்தது. திரும்பி வந்து ஒரு கோப்பைத் தேநீரோடு பொம்மையைத் தூக்கினார்.

"அப்ப இங்க அடுப்பே தேவைப்படாத சாப்பாடா இருக்கணும்" என்றார் அக்கா. சொன்னபோதே அவர் கண்ணில் ஒரு பளபளப்பு.

அன்றிலிருந்து அவர் வீட்டுச் சமையலறை போர்க்களம். ஒரு பக்கம் ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைவிட்டுக்கொண்டிருக்கும். குழாயில் தயிர் மூட்டை தொங்கும். தண்ணீரெல்லாம் வடிந்தால் கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டியாக வரும். அக்காவின் கணவர் தரைக்கு ஓடு பதிக்கிறவர். "நான் பதிச்ச தரையில நானே வழுக்கி விழுந்தா எனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று புலம்பிக்கொண்டே சொட்டுக்கு நேராக வாளியை நகர்த்தி வைப்பார். எட்டாவது படிக்கும் மகள் குளிர்பெட்டி மேல் ஒரு தாள் ஒட்டி, எதில் எத்தனை கிராம் புரதம் என்று எழுதி வைத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி அம்மாவை மிரட்டினாள்.

தினம் ஒரு டப்பா வரும். முளைப்பயற்றில் எலுமிச்சை பிழிந்து வறுத்த வேர்க்கடலை இடித்துப் போட்டது ஒரு நாள். முதல் நாள் மாலையே அவித்த முட்டையும் கெட்டித் தயிரும் இன்னொரு நாள். வெந்த கொண்டைக்கடலையைப் பூண்டோடு மசித்து ரொட்டியில் அப்பிக் கொண்டுவந்தாரே, அதை ஒரு வாய் வாங்கித் தின்றேன். அடடா! மீசை மட்டும் எட்டிப் பார்த்து, "குதிரைக்கு வச்ச தீனி" என்றான்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்சி. நிலையத்தின் பின்னால், தீயணைக்கும் துணிக் குழாய்களைக் காயப்போடும் கோபுரம் இருக்கிறது. ஐந்து மாடி உயரம், உள்ளே படிக்கட்டு. உச்சியிலிருந்து குழாய்கள் தொங்கும், அடியில் எங்கள் பயிற்சிப் பொம்மை கிடக்கும். அதன் மார்பில் பெயின்ட்டில் '60' என்று எழுதியிருக்கும். முதல் வாரம் அக்கா இரண்டு மாடி ஏறினார். இரண்டாவது மாதம் நான்கு. அப்புறம் நகரவே இல்லை. என்ன செய்தும் நான்குதான்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "மீசை சொல்றது சரிதானோ தம்பி? என் உடம்பு இவ்வளவுதானோ?" பதினோரு வருடத்தில் அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

மீசைக்கும் என்னவோ போலிருந்திருக்க வேண்டும். "மூச்சை இப்படிப் புடிக்கணும்க்கா, பாருங்க" என்று பொம்மையைத் தூக்கி ஏறினான். இரண்டாவது மாடியில் அதைத் தொப்பென்று போட்டான். "இடுப்புப் புடிச்சுக்கிச்சு" என்று நொண்டிக்கொண்டே இறங்கினான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்கக் கூடாதா?

தேர்வு நாள் காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. ஒரு மரக்கிடங்கில் தீ. அணைத்துவிட்டுத் திரும்ப ஏழே முக்கால். மீசையின் கறி வாணலியில் பாதி வெந்து விறைத்துக் கிடந்தது. அக்கா டப்பாவைத் திறந்தார். முளைப்பயறு, இரண்டு முட்டை, கெட்டித் தயிர். ஒரு பயறு விடாமல் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்.

ஒன்பது மணிக்கு அதிகாரி தன் வண்டியில் பொம்மையோடும் தராசோடும் வந்தார். போன முறையும் அவர் கொண்டுவந்த அதே பொம்மை.

கோபுர வாசலில் அக்கா குனிந்து அதைத் தூக்கினார். அவர் முகம் மாறியது. ஒரு கணம் என்னைப் பார்த்தார், அப்புறம் ஓடினார்! ஏறவில்லை ஐயா, ஓடினார்! "ரெண்டு! மூணு!" என்று நான் கத்துகிறேன். நான்காவது மாடியில் என் நெஞ்சு நின்றது, அவர் கால் நிற்கவில்லை. ஐந்து! நான் தொப்பியைத் தூக்கி எறிந்தேன். அது எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

ஆனால் அக்கா பொம்மையோடு திடுதிடுவென்று இறங்கி வந்தார். முகமெல்லாம் கோபம்.

"ஐயா, இது செல்லாது. உங்க பொம்மையில மணல் கொட்டிப்போச்சு. கனமே இல்ல. எனக்குச் சலுகை வேணாம், எடை போடுங்க."

இந்த மனுஷியை என்ன செய்வது! கைக்கு வந்ததைத் தானே தட்டிவிடுகிறாரே என்று எனக்குப் பதறியது. அதிகாரி முறைத்துக்கொண்டே தராசில் வைத்தார். அறுபது. சரியாக அறுபது.

"அப்ப அது?" என்று அக்கா கோபுரத்தின் அடியில் கிடந்ததைக் காட்டினார். எங்கள் பொம்மையை இருவர் தூக்கி வந்து வைத்தோம். எழுபத்தாறு!

எல்லோரும் அது கிடந்த இடத்தைப் பார்த்தோம். மேலே தொங்கிய குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மாதக்கணக்கில் ஈரக் குழாய்களை அதன் தலைக்கு மேலேயே தொங்கவிட்டிருக்கிறோம், மணல் குடித்துக் குடித்து ஊறியிருக்கிறது. எங்கள் நிலையத்தில் நனையாத பொருளே கிடையாது. அதனால் நனைந்தது எதுவும் எங்கள் கண்ணில் படுவதில்லை.

"எழுபத்தாறு கிலோவையா தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறினீங்க?" என்றார் அதிகாரி, நான் பயிற்சியைப் பற்றிச் சொன்னதும். அக்கா தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார், கண் நிறைந்து வழிந்தது. அதிகாரி தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் தீயோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, என் இடுப்பு மேல தப்பே இல்ல" என்றபடி மீசை பொம்மையை வெயிலுக்கு இழுக்கப் போனான்.

"விடு, அங்கேயே கிடக்கட்டும்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு இனிமே அதுதான். நாளையிலேருந்து நீயும் தூக்கு. டப்பாவுல உனக்கும் சேத்துக் கொண்டு வரேன்."

மீசை வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினான்.