பை லிஃப்டில், தாத்தா படியில்

தாத்தா லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பத்தாறு வருஷம். அவர் கையெழுத்தில்லாமல் இந்த ஊரில் ஒரு லிஃப்டும் மேலே ஏறியதில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். போய்ச் சேர்ந்தவரைப் பற்றி யார்தான் குறைத்துச் சொல்கிறார்கள்? ஆனால் பெரிய பெரிய கட்டடம் கட்டியவர்களெல்லாம் அவரைக் கண்டால் நெளிந்தார்கள் என்பது நிஜம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், சொந்த மகள் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்டில் ஏறவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். பையை லிஃப்டுக்குள் வைத்து, நாலாம் மாடி பட்டனை அமுக்கி, கதவைச் சாத்திவிட்டுப் படியேறத் தொடங்குவார். மேலே பேத்தி காத்திருப்பாள். பை வந்ததும் பிஸ்கட்டா, படப்புத்தகமா என்று அவள் குடைந்து முடிக்கும்போது தாத்தா இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அங்கே அவருக்கென்று அவள் அம்மா ஒரு நாற்காலி போட்டிருந்தாள். பைக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பார். எழுபத்தெட்டு வயதில், இரண்டு முட்டியும் தேய்ந்த பிறகும் அதே பதில்தான்.

அந்தப் பேத்திக்கு இப்போது இருபத்தேழு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து என்று வருகிற மனுக்களில் எது நிஜம், எது கதை என்று கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். தாத்தா போன மாதம் இறந்தார். ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் அவர் வாழ்க்கையை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அவருடைய சோதனை நோட்டுகளை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள்.

லிஃப்டின் கயிறு அறுந்தாலும் பெட்டி விழாமலிருக்க, அதன் அடியில் இரண்டு இரும்புத் தாடைகள் இருக்கும். வேகம் மீறினால் அவை இரு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பல் தடம் விழும். மற்ற இன்ஸ்பெக்டர்கள் 'சரி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். தாத்தா எடைக்கட்டிகளை ஏற்றி, பெட்டியை வேகமாக இறக்கி, பிடித்த தடத்தை அளந்து எழுதுவார். ஆயிரத்துச் சொச்சம் லிஃப்ட், ஒன்றையும் விடவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. அம்மாவின் கட்டடம். தடம் என்ற கட்டம் காலி. கீழே கையெழுத்து மட்டும் ஜம்மென்று இருந்தது. தேதி, அவர்கள் குடிவந்த அதே நாள்.

அந்தப் பக்கத்தை அவள் மறுபடி பார்த்தாள். சோதிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால்தான் ஏறப் பயந்திருக்கிறார். சரி, தான் ஏறப் பயந்தவர் மகளை எப்படி ஏறவிட்டார்? இருபத்திரண்டு வருஷமாக அம்மா அதில்தானே போய் வருகிறாள்? ஆசையாய் வளர்த்த தாத்தாவைப் பற்றி இப்படி நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

காரணம் சொல்லாமல் அம்மாவிடம், "கொஞ்ச நாள் படியில ஏறு" என்றாள்.

"என் முட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள் அம்மா.

தாத்தாவோடு சுற்றிய மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அவர் கிரீஸ் மாமா. நோட்டில் உள்ளதைச் சொன்னதும் இருமினார். "அதெல்லாம் பழைய கதை, விடும்மா" என்றார். பிடி கொடுக்காமல் பேசுகிறவர்கள் பத்துப் பேரையாவது அவள் தினமும் பார்க்கிறாள். விடவில்லை. மறுநாள் காலையில் சாவியோடு வந்து நின்றார்.

பெட்டியை மேலே அனுப்பிவிட்டு, கீழ்த்தளக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். "பாரு." தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பல் தடம். ஒன்றல்ல, வரிசையாக இருபதுக்கு மேல். "வருஷா வருஷம் அதே தேதியில நானும் அவரும் வந்து சோதிப்போம். யாரும் கேக்கல. அவரா வந்தார்."

"அப்ப முதல் நாள்?"

அவர் டார்ச்சை அணைத்தார். "எடைக்கட்டி வர்ற லாரி வழியில நின்னுடுச்சு. நல்ல மழை. வாசல்ல சாமானோட உங்கம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டார். தடம் எழுத மட்டும் கை வரல. விடிஞ்சதும் எடை ஏத்திப் பாத்தோம். தாடை பிடிக்கல. பெட்டி வழுக்கிட்டே வந்து அடி ஸ்பிரிங்ல உக்காந்துது. அன்னிக்கே புதுசு மாத்தினோம்."

"அதுக்கு முந்தின நாள் யாராவது ஏறினாங்களா?"

"நீதான். அஞ்சு வயசு. பட்டனை அமுக்கி அமுக்கி, சாயங்காலம் பூரா மேலயும் கீழயும் போயிட்டிருந்தே."

 அதற்கப்புறம் தாத்தா இதில் கால் வைக்கவில்லையாம். தனக்கு அந்த உரிமை இல்லை என்றாராம்.

வெளியே போயிருந்த அம்மா காய்கறிப் பையோடு வந்தாள். திறந்த கதவையும் இரண்டு முகங்களையும் பார்த்தாள். "கேட்டுட்டாளா?" என்றாள் மெக்கானிக்கிடம், சாதாரணமாக.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"மறுநாளே சொல்லிட்டாரே. ஒரு வாரம் அவர்கூட நான் பேசல. அப்புறம்தான் அந்த நாற்காலியைப் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் பட்ட சந்தேகம் சரியாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

"அவளா கேக்கற வரைக்கும் சொல்லாதே, கேட்டா மறைக்காதேன்னார். நீ கேப்பேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எதிர்பாத்தார். ஏன் தாத்தா படியில வர்றீங்கன்னு கேட்டா, முழுக்கச் சொல்லிடணும்னு இருந்தார்."

பேத்தி அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கேள்வி கேட்டுத் துளைக்கிறவள்.

"நீ பையில என்னன்னுதான் கேட்டே" என்றாள் அம்மா. மெக்கானிக் பெட்டியை இறக்கியதும், காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறி மேலே போனாள்.