மைக் வைக்காத டிரம்ஸ்

சத்தியதாஸ் அண்ணன் கல்லூரிக் காலத்தில் ஒரு ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தார். அவர்கள் போட்டது ஒரே ஒரு ஆல்பம். அதில் ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் ஏழிலிருந்து ஐந்துக்குத் தாவும். அந்த இடத்தில் அவர் கிட்டாரை முன்னே போகவிட்டு, ஒரு அடியை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு உள்ளே வருவார். அந்த ஒரு அடிக்காகவே இன்றும் கேட்கிறேன். திருவனந்தபுரத்தில் என்னைத் தவிர வேறு எவன் கேட்கிறான்?

இப்போது அவர் கல்யாண கானமேளைகளில், அதாவது மெல்லிசைக் கச்சேரிகளில், வாசிக்கிறார். வாசிக்கிறார் என்பதே பொய். பாட்டு மொத்தமும் லேப்டாப்பிலிருந்து வரும். வீடியோவில் அழகாகத் தெரியவேண்டும் என்றுதான் மேடையில் டிரம்ஸ். அதற்கு மைக்கே வைப்பதில்லை. காதில் இம்மியும் பிசகாமல் தாளம் எண்ணி ஓடும் கிளிக் சத்தத்துக்கு அவர் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். பல வருடங்களாக இதுதான் பிழைப்பு.

போன வாரம் கரமனையில் என் சொந்தக்காரன் கல்யாணம்; கச்சேரி அவருடைய டிரூப். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் போனில் அந்தப் பாட்டைப் போட்டு, என்ன பாட்டு என்று சொல்லாமல் இயர்போனை நீட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். தள்ளிப்போட்ட அந்த அடி வந்ததும் சிரித்தார்.

"கொள்ளாம் கேட்டியா! பயல் நல்லா அடிக்கான். யாரு தம்பி இது?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இயர்போனைக் கழற்றித் தந்துவிட்டார்.

"ஆனா இவனெல்லாம் நம்ம டிரூப்புக்கு ஆகாது. கிளிக்குல நிக்க மாட்டான்."